பிரதான வீதியில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்கு ஒரு சட்டம் வேண்டுமா?

சுண்டிக்குளியான்

யாழ்ப்பாணம் பிரதான வீதியில், குறுக்குத் தெருக்கள் வந்து ஏறும் பகுதியில், இன்னொரு பழைய வீட்டுக்குக் கூரை இறக்கியாயிற்று. பீலி ஓடுகள் வளவுக்குள் குவிந்து கிடக்கின்றன. பனஞ்சிலாகைகளை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கடைத்தொகுதி வரப்போகிறதாம்.

அவர் காணி, அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த வீதி நேற்று முளைத்தது அல்ல. ஒல்லாந்தர் 1658இல் கோட்டையைப் பிடித்து, அதை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். உள்ளே படையும் நிர்வாகமும், வெளியே கிழக்குப் பக்கமாகப் பட்டினம். அந்தப் பட்டினத்துக்கு ஊடாகச் சுண்டிக்குளி வரை ஓடும் வீதி இது. முதலில் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) குடும்பங்கள், பிற்பாடு எங்கள் ஆட்கள் என்று மாறி மாறி இருந்த வீடுகள். தடித்த சுவர், வீதியோடு ஒட்டிய விறாந்தை, உருண்டைத் தூண், உயரமான யன்னல். இப்படி ஒரு வரிசை வட மாகாணத்தில் வேறு எந்த நகரத்திலும் இல்லை.

என் கோரிக்கை சின்னது. வீதியைப் பார்த்த முகப்பும் விறாந்தையும் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பட்டும். மாநகர சபை இதை விதியாக்கினால் போதும். என்ன சொல்கிறீர்கள்?

பெரியகடை முதலாளி

தம்பி, சொல்லச் சுகமாக இருக்கிறது. செய்து பார்த்தீரா? முன்சுவரை நிற்கவிட்டு அதற்குப் பின்னால் கொங்கிறீட் தூண் இறக்குவதற்கு, எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதைவிடச் செலவு கூட. அந்தக் கூடுதல் காசை யார் தருவது? நீங்கள் வந்து படம் எடுத்து முகநூலில் போடுவீர்கள். வங்கிக் கடனை நான் கட்டுவேன்.

இன்னொன்று. ரவுணில் கடை வைத்திருந்தவர்கள் 1981இல் சந்தைப் பகுதி எரிந்ததைப் பார்த்தவர்கள். பிறகு 1990, கோட்டை முற்றுகை. பிறகு 1995 ஒக்டோபர், ஊரோடு எழும்பிப் போனோம். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. இத்தனைக்கும் பிறகு நாலு கடை கட்டி வாடகை எடுக்கலாம் என்று பார்த்தால், தூணுக்கு மரியாதை செய் என்கிறீர்கள்.

வடலி

எனக்குக் காசு பிரச்சினை இல்லை, அடிப்படையிலேயே பிரச்சினை. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவன் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா. அதே ஒலிவேறாவின் ஆட்சியில்தான் கோட்டையும் எழும்பியது. இடித்த கோயில் கற்கள் எங்கே போயின என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அவனுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தனும் சைவத்தை வீட்டுக்குள் ஒளித்து வைக்கச் செய்தவன்தான். அந்த ஆட்களுடைய விறாந்தைக்கு நாங்கள் ஏன் சட்டம் போட வேண்டும்? எங்கள் மரபுரிமை நல்லூரில் கிடக்கிறது. பழைய அரசிருக்கையின் மிச்சமான சங்கிலியன் தோரணவாசலையும் யமுனா ஏரியையும் முதலில் பாருங்கள்.

சுண்டிக்குளியான்

வடலி, நல்லூரைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் சொல்லும் கதை பாதியில் நிற்கிறது. இன்றைக்கு இருக்கும் நல்லூர்க் கோயில் 1734இல், அதே ஒல்லாந்தர் காலத்தில் எழும்பியது. எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியார் ஒல்லாந்தக் கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) சிறாப்பராக, அதாவது காசுப் பொறுப்பாளராக, வேலை பார்த்தவர். கோயிலைக் கட்டியவரும் இந்த வீதியால்தான் வேலைக்குப் போயிருப்பார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுங்கள். அதை 1707இல் எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. அவன் எழுதியது என்று தூக்கிப் போட்டோமா? இன்றைக்கும் காணி வழக்கில் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வீட்டை மட்டும் ஏன் அவன் கணக்கில் எழுதுகிறீர்கள்? கல் எங்கள் கடலில் எடுத்தது, சிலாகை எங்கள் பனை, கட்டியது எங்கள் மேசன்மாரும் ஆசாரிமாரும்.

வடலி

கட்டியவன் கூலிக்காரன். கூலிக்காரனுக்கு வீடு சொந்தமாகாது. சட்டப் புத்தகத்தோடு வீட்டை ஒப்பிடுவதும் சரியில்லை. தேசவழமை எங்களுடைய வழக்கம், அவன் எழுதி வைத்தான், அவ்வளவுதான்.

சாந்துக்காரன்

விவாதம் நல்லூருக்குப் போய்விட்டது, கொஞ்சம் பிரதான வீதிக்குத் திரும்புவோம். நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இந்த வகைச் சுவர்களில் வேலை செய்திருக்கிறேன்.

இவை பெரும்பாலும் முருகைக்கல்லும் (கடல் பவளக்கல்) சுண்ணாம்புக்கல்லும் கலந்து, சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய சுவர்கள். இந்தச் சாந்துக்கு ஒரு குணம் உண்டு: நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வர வெளியே விட்டுவிடும். அதனால்தான் இத்தனை காலம் நிற்கின்றன. நாங்கள் என்ன செய்கிறோம்? சுவர் உதிர்கிறது என்று சீமெந்து பூசுகிறோம். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பு உள்ளேயே படிந்து கல்லை மாவாக்கும். ஐந்தாறு மாரி கழிய, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று கல்லையும் இழுத்துக்கொண்டு விழும். உடனே ‘பழைய சுவர், பலமில்லை, இடி’ என்று தீர்ப்பு. பல வீடுகள் செல் விழுந்து போகவில்லை, இப்படித் திருத்தப் போய்ப் போனவை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் கிடைப்பது கஷ்டம். கடலில் முருகைக்கல் எடுப்பது 1988இல் வந்த கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தோடு தடை, அது நல்ல தடைதான். பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். ஆகவே ஒரு வீட்டைத் திருத்த, இன்னொரு வீட்டை இடித்த கல்லும் ஓடும்தான் கதி. அதை இப்போது யார் வேண்டுமானாலும் லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் பழைய ஓடு உல்லாச விடுதிகளுக்குப் போகிறது, மிச்சம் பள்ளம் நிரப்பப் போகிறது. முகப்புச் சட்டத்துக்கு முன்பு, இடிக்கும் வீட்டின் கல், ஓடு, நிலை, தீராந்தி (உத்தரம்) எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும்.

முதலாளி ஐயாவுக்கு: முன்சுவரை நிறுத்தி வைப்பது செலவு என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள சுவரென்றால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

பெரியகடை முதலாளி

‘நல்ல நிலையில் உள்ள சுவர்’. அதைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

ஸ்காபரோ வெள்ளி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வீதியில் எங்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது. எது என்று கேட்க வேண்டாம்.

வீடு பாட்டாவின் (தாத்தாவின்) முதுசொம், பரம்பரைச் சொத்து. பாட்டா இறந்தபோது யாரும் பங்கு பிரிக்கவில்லை. பிறகு பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். கொழும்பில் சிலர், இங்கே கனடாவில் சிலர், ஜேர்மனியில் ஒருவர், ஒருவர் எங்கே என்றே தெரியாது. விற்பதானாலும் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும், திருத்துவதானாலும் காசு போடுகிறவனுக்கு என்ன உத்தரவாதம்? என் பங்குக் காசில் கூரை போட்டால் அது பங்குகாரர் எல்லாருக்கும் கூரை. எங்கள் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் ஒருவருக்குக் கொடுத்தோம், அதிலும் சண்டை வந்தது. வெளியாருக்கு விற்கப் போனால் தேசவழமைப்படி முதலில் பங்குகாரருக்கும் உரித்தாளருக்கும் சொல்ல வேண்டும். 1947இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பங்கு பிரிக்கக் கேட்டுப் பிரிவிடல் வழக்குப் போட்டால் நாங்கள் கிழவர் ஆகிவிடுவோம்.

இப்போது சுண்டிக்குளியான் கேட்கிற சட்டம் வந்தால் என்ன நடக்கும்? இடிக்க முடியாது என்றால் நாங்கள் இடிக்க மாட்டோம். பூட்டி வைப்போம். மிச்சத்தை மாரி பார்த்துக்கொள்ளும். சுவர் விழுந்த பிறகு எந்தச் சட்டமும் இல்லை. இது மிரட்டல் அல்ல, இப்போதே நடப்பதுதான். நல்லூர் மந்திரிமனை என்ன ஆயிற்று? பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றுதான் பெயர். தனியார் காணி என்ற இழுபறியில் கிடந்து, மழையில் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது.

சுண்டிக்குளியான்

வெள்ளி அண்ணை, நீங்கள் சொல்வது சட்டம் தேவையில்லை என்பதற்கான வாதம் அல்ல. காணி உறுதிச் சிக்கலைத் தீர்க்கும் சட்டமும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்கான வாதம். தெற்கே காலி நகரத்தைப் பாருங்கள். கோட்டைக்குள் அத்தனை வீடும் தனியார் வீடுகள்தான். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது, பிறகு அதற்கென்று ஒரு மரபுரிமை நிறுவகம், ஓட்டின் நிறம் வரைக்கும் விதி. இன்றைக்கு அங்கே ஒரு வீட்டின் விலை என்ன தெரியுமா?

பெரியகடை முதலாளி

தெரியும். அதில் இருந்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று உமக்குத் தெரியுமா? வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போய்விட்டார்கள். உள்ளே கோப்பிக் கடையும் விடுதியும். பிரதான வீதியும் அப்படி ஆனால் உங்களுக்குச் சந்தோஷமா?

வடலி

இதில் முதலாளி சொல்வதை நான் ஏற்கிறேன்.

முற்றவெளி ரீச்சர்

எல்லாரும் ஒல்லாந்தர் வீடு, ஒல்லாந்தர் வீடு என்கிறீர்கள். நான் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறவள். அந்த வட்டாரத்தில் ஒல்லாந்தர் கதை ஒரு பங்குதான்.

மணிக்கூட்டுக் கோபுரம் 1882இல் கட்டியது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகத்துக்கு. போரில் உடைந்து 2002இல் திருத்தினார்கள். பொதுநூலகம் 1959இல் திறந்தது. சென்னையிலிருந்து நரசிம்மன் வந்து திராவிடப் பாணியில் வரைந்தார். 1981இல் எரித்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்களோடு. அதே தோற்றத்தில் திரும்ப எழுப்பினோம். அதைத் திருப்பிக் கட்டியது பிழை என்று வடலிகூடச் சொல்ல மாட்டார். கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் இப்போது கற்குவியல். பிரதான வீதியின் கிழக்கு அந்தத்தில் பழைய பூங்கா. டைக் துரை 1829இல் அரசாங்க அதிபராக வந்து, 1867இல் இறக்கும் காலம் வரை வடக்கை ராசா மாதிரி ஆண்டார். அவர் காலத்துப் பூங்கா அது. அதற்குள் பழைய கச்சேரி கூரையில்லாமல் நிற்கிறது. அது அரசாங்கக் காணி, பங்குகாரர் இல்லை, முதுசொம் இல்லை. அதையே இப்படி விட்டுவைத்தவர்கள் உங்கள் வீட்டு விறாந்தையைக் காப்பார்கள் என்று நம்புகிறீர்களா, சுண்டிக்குளியான்?

நிற்பவை எவை என்று பாருங்கள். சென் ஜோன்ஸ் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, திருக்குடும்பக் கன்னியர் மடம், பழைய ஆலயங்கள். உடைந்தாலும் திருத்த ஒரு சபையோ பழைய மாணவர் சங்கமோ இருக்கிறது. தனி வீட்டுக்கு அது இல்லை.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். ரவுணில் அவர்களுடைய கடைகள் எத்தனை, வீடுகள் எத்தனை. அந்தச் சுவர்களைக் காப்பது பற்றி ஒரு கட்டுரையாவது வந்ததா? மரபுரிமை என்றவுடன் தூணுள்ள வீடு மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

சுண்டிக்குளியான்

ரீச்சர், கச்சேரி விஷயத்தில் பதில் இல்லை. முஸ்லிம் வட்டாரத்தையும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அரசாங்கம் தன் கட்டடத்தைக் கவனிக்கவில்லை என்பதற்காக விதியே வேண்டாம் என்றால், பத்து வருடத்தில் பேச ஒன்றும் இருக்காது.

பெரியகடை முதலாளி

சரி, விதி வேண்டும் என்றே வைப்போம். அப்படியானால் பேரமும் வேண்டும். முகப்பை வைத்துக் கட்டுகிறவனுக்கு மாநகர சபையின் சோலைவரியை (சொத்துவரியை) குறையுங்கள். பின்பக்கம் ஒரு மாடி கூடுதலாகக் கட்ட விடுங்கள். வாகனம் நிறுத்த முன்னால் இடம் விடு என்று நெருக்காதீர்கள். இடம் விட்டால் விறாந்தை எங்கே நிற்கும்? இதெல்லாம் எழுத்தில் வந்தால் நானே ஒரு வீட்டை வாங்கிப் பார்க்கிறேன். வராவிட்டால் கண்ணாடிக் கடைத்தொகுதிதான்.

சாந்துக்காரன்

வரிச் சலுகை நியாயம். இன்னொரு யோசனை: நீண்ட காலக் குத்தகை. பங்குகாரர் யாரும் விற்க வேண்டாம், வாடகை ஒரு கணக்கில் விழட்டும், உறுதிச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், கூரை ஒரு பக்கம் ஏறட்டும். ஆனால் இதற்கும் எல்லாப் பங்குகாரரும் ஒப்ப வேண்டும், அதுதான் முடிச்சு.

வெள்ளி அண்ணை, அதுவரைக்கும் ஒரு உதவி. உங்கள் வீட்டை அளந்து வரைபடம் கீற விடுவீர்களா? இரண்டு மாணவர்களோடு வருகிறேன். விழுந்தாலும் தாளிலாவது இருக்கும்.

ஸ்காபரோ வெள்ளி

அளந்து வைத்துவிட்டு ‘பாதுகாக்க வேண்டிய கட்டடம்’ என்று எங்காவது எழுதிக் கொடுப்பீர்களோ என்றுதான் என் தமக்கை கேட்பா. எழுதிக் கொடுக்க மாட்டோம் என்று ஒரு கடிதம் தாருங்கள். திறப்பு கொக்குவிலில் அவவிடம் இருக்கிறது. இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். பின் அறைக்குள் போக வேண்டாம், தீராந்தி உக்கிவிட்டது.

வடலி

அளக்கப் போகிறவர்கள் அடிச்சுவர்க் கல்லையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டைக்குள்ளேயே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. செதுக்கிய கல் ஏதும் தெரிந்தால் இங்கே படம் போடுங்கள்.

பெரியகடை முதலாளி

கிடைத்தால் இவர் அந்தச் சுவருக்குச் சட்டம் கேட்பார், பாருங்கள்.