கோல்ஃப் கிளப்பின் (மட்டையின்) கைப்பிடிக்கு ஈரத்தில் வழுக்காத கிரிப்பா, கைக்கு இதமான கிரிப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏழாம்அயர்ன்

தூறல் நேரம். கூட ஆடியவர் தன் செவன் அயர்ன் கிளப்பை நீட்டி, "இதில் ஒண்ணு அடிச்சுப் பாருங்க" என்றார். முழுக்க நூல் கலந்த கார்ட் கிரிப். என்னுடையது மெத்தென்ற பாலிமர். ஈரம் பட்டால் வழுக்குமோ என்ற பயத்தில், ஸ்விங்கின் உச்சிக்குப் போகும்போதே விரல்களை இறுக்கிவிடுவேன், முன்கை வரை விறைத்துப் போகும். அந்தக் கார்ட் கிரிப்பில் அதே உச்சியில் விரல்கள் தளர்வாகவே இருந்தன. ரப்பரில் சேர்ந்த பருத்தி நூல் தோலோடு ஒட்டி நின்றது. கிளப்பின் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெளிவாகத் தெரிந்தது. பந்து எங்கே போய் விழுந்தது என்பதுகூட நினைவில்லை, அந்த ஒரு கணம் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஆனால் கையுறை போடாத வலது கைக்கு அது அரம் மாதிரி இருந்தது. காய்ந்த நாளில் பதினெட்டு குழியும் அதோடு ஆட என்னால் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கண்டுபிடித்தவர்கள் உண்டா?

கிரீன்ஓரம்

மேல்பாதி கார்ட், கீழ்பாதி ரப்பர் என்று இருக்கிறதே, நான் அதுதான் போட்டிருக்கிறேன். கையுறைக் கைக்குப் பிடிப்பு, வெறும் கைக்கு இதம். முழு ஸ்விங்கில் குறையே சொல்ல முடியாது.

என்னை உறுத்துவது வேறு. கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) ஒட்டி ஒரு சிப், சின்ன அடி. கிளப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன். அப்போது மேல் கை கார்டிலிருந்து ரப்பருக்கு இறங்கிவிட்டது. இரண்டு கைக்கும் பழகாத ஒரு தொடுகை! பந்தைத் தொடும் நேரத்தில் கவனம் முழுக்க உள்ளங்கையில் இருந்தது. சிப் நிறைய ஆடுபவர்கள் கடையில் முழு நீளத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டும் போதாது, இறக்கிப் பிடித்தும் பாருங்கள். கிட்டத்து அடிக்கான என் வெட்ஜ் கிளப்புகளில் இப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே ரப்பர்தான்.

அப்புறம், கொஞ்சம் தடித்ததாகப் போடுங்கள். வலது கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் வளைந்து போகுமே, அந்த ஹூக் குறையும்.

டேப்சுற்றி

சிப் விஷயம் சரி. கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. தடித்த கிரிப் மணிக்கட்டைக் கட்டிப்போடும், அதனால் ஹூக் போய்விடும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். என் தம்பிக்குத் தடித்தது போட்டுக் கொடுத்தேன். கை நிறைய இருந்ததால் இறுக்காமல் பிடித்தான், கிளப்பில் பந்து படும் முகம் இன்னும் வேகமாக உள்பக்கம் திரும்பி மூடியது, ஹூக் அதிகமானது. அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ பெரிய ஜம்போ கிரிப்புகளோடுதான் 2020, 2024 யு.எஸ். ஓபன்களை வென்றார். அவர் ஸ்விங்குக்கு அது சேர்கிறது, அவ்வளவுதான். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

ஏழாம்அயர்ன், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கையுறை போட்டுப் பிடியுங்கள். மேல் கையின் நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். விரல் சதைக்குள் புதைந்தால் கிரிப் மெலிசு, எட்டாமல் நின்றால் தடிப்பு. மெலிசாக இருந்தால் உடனே பெரிய கிரிப்புக்குத் தாவாதீர்கள். அடியில் சுற்றும் டேப் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1/64 அங்குலம் கூடும், அதாவது 0.4 மில்லிமீட்டர். ஒரு சுற்றையே கை கண்டுபிடித்துவிடும். கீழ் கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது என்றால் கீழ்ப்பக்கம் மட்டும் கூடுதலாகச் சுற்றலாம், கிரிப் கீழே போகப்போக மெலிந்துகொண்டே போகாது. எடையையும் பாருங்கள். பழையதைவிட 4, 5 கிராம் கூடினாலே ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றும் என்ற அளவு, ஒரு புள்ளி இறங்கும், டி2 என்று இருந்தது டி1 ஆகும். கிளப்பின் தலை லேசானது போலத் தோன்றும், பழியைக் கிரிப்பின் தொடுகைமேல் போடுவீர்கள். இன்னொன்று, இருக்கிற பாலிமரை வெந்நீர், பாத்திர சோப்பு, மென்மையான பிரஷ் வைத்துக் கழுவிப் பார்த்தீர்களா? கை எண்ணெய் படிந்தால் எந்தக் கிரிப்பும் வழுக்கும். வெயிலும் சூடும் ரப்பரைக் கெட்டியாக்கி வழுவழுப்பாக்கிவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மட்டும் கழுவிப் பயனில்லை.

வெறுங்கை

அளவு, எடை பற்றியே பேசுகிறீர்கள். கிரிப்பின் அடியில் முதுகு மாதிரி மேடாக ஓடும் அந்த ரிப்பை யாரும் சொல்லவில்லையே.

நான் கோல்ஃப் வீரர் பிரெட் கப்பிள்ஸ் மாதிரி கையுறை இல்லாமல் ஆடுபவன், ரிப் எனக்கு உயிர். கண்ணை மூடி எடுத்தாலும் முகம் நேராக இருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். ஒருநாள் முதல் அடிக்கு டீயில் நின்று டிரைவர் கிளப்பைப் பிடித்தேன். விரல் நேர் என்றது, கண் பார்த்தால் முகம் திரும்பி இருந்தது. முந்தின நாள் லாஃப்டை, அதாவது முகத்தின் சாய்வை, மாற்றியிருந்தார்கள். பல டிரைவர்களில் அதற்காகத் தலையையும் தண்டையும் இணைக்கும் ஸ்லீவைத் திருப்பினால் ஷாஃப்டும் (தண்டும்) திரும்பும், ரிப்பும் இடம் மாறிவிடும். கையை நம்புவதா கண்ணை நம்புவதா என்று நின்ற அந்த நொடி இன்னும் மறக்கவில்லை. இப்போது டிரைவருக்கு மட்டும் ரிப் இல்லாத உருண்டை கிரிப், மற்றவற்றில் ரிப்.

கிரீன்ஓரம்

டேப்சுற்றி, உங்கள் தம்பி ஒருவர். தடித்தது போட்டு நேராக அடிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மெதுவாகப்பிடி

விரல் மூட்டுகளில் வலி உள்ளவள் நான். கார்ட் என்றாலே கை பின்வாங்கும். தடித்த, மெத்தென்ற கிரிப் போட்ட பிறகு ஒரு லாங் அயர்னில் பந்து கிளப் முகத்தின் ஓரத்தில் பட்டது. வழக்கமாக விரல்கணு வரை சுரீர் என்று ஏறும். அன்று மந்தமாக ஒரு தட்டல் மட்டும். வலியைப் பற்றி நினைக்காமல் அடுத்த பந்துக்கு நடந்தேன். ஹூக் கூடுகிறதா குறைகிறதா என்ற சண்டை எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. மழை நாளில் பையில் காய்ந்த துண்டு இரண்டு, மழைக் கையுறை ஒரு ஜோடி. எனக்குப் போதும்.

ஏழாம்அயர்ன்

எல்லோருக்கும் நன்றி. பாலிமரைக் கழுவிப் பார்த்தேன், கொஞ்சம் ஒட்டுகிறது, ஆனாலும் தண்ணீர் தெளித்துப் பிடித்தால் விரல் தானாக இறுகுகிறது. செவன் அயர்னுக்கு மட்டும் பாதிக் கார்ட், என் அளவில், ரிப்போடு போடச் சொல்லியிருக்கிறேன். வெட்ஜுகளைத் தொடப் போவதில்லை. டேப்சுற்றி, பழைய கிரிப் எடை 50 கிராம், புதியது 52. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?