உலக முடிவுக்கு இரண்டாம் தரம் போனது

இலங்கை மலைநாட்டில் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளிக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் ஒரு சுற்றுலா வானில் பதினொரு பேரோடு போனது. நுவரெலியாவில் ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆட்களை ஏற்றியதில், உலக முடிவு என்கிற மலை விளிம்புக்கு நடந்து சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது. முன்னால் வெறும் வெள்ளை. ஒரு மணித்தியாலம் காத்திருந்தும் மூடுபனி விலகவே இல்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் பெப்ரவரியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, எங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியைப் பிடித்துப் போனோம். பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. முதல் நாள் இரவே போன் எடுத்து, "அக்கா, ஐயாவுக்கு முட்டி வலி இருக்குங்களா? படி எறங்குவாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

விடிய நாலே முக்காலுக்கு வெளிக்கிட்டு, ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தார்கள். "மரைங்க தின்னுருதுங்க ஐயா" என்றார் தம்பி. கொஞ்ச நேரத்தில் வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய ஆண் மரை எங்கள் வானின் கண்ணாடிக்கே மூக்கைக் கொண்டுவந்தது. சனம் தீன் போட்டுப் பழக்கிவிட்டிருக்கிறது. தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள்.

சுற்றுப்பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். தம்பி முதலில் உலக முடிவுக்கே நடத்தினார், அருவி திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று. புல்லில் துகள்பனி இன்னும் கரையவில்லை, மிதித்தால் நொறுங்குகிறது. இந்த வெளியில் ஒரு காலம் உருளைக்கிழங்கு நட்டார்களாம், பிறகு அது நின்றது, 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இங்கே ஊறுகிற தண்ணீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது என்று அவர் ஓடைகளைக் காட்டிச் சொல்லச் சொல்ல, அப்பா நின்று நின்று கேட்டார். கூட்டத்தோடு போனால் அப்படி நிற்க விடமாட்டார்கள்.

எட்டேகாலுக்கு உலக முடிவு. ஒரு துண்டு முகில் இல்லை! ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது, அடியில் தேயிலைத் தோட்டம், தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவில். அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும், கீழேயிருந்து புகை மாதிரி மூடுபனி ஏறத் தொடங்கியது. போகிற எண்ணம் உள்ளவர்கள் எட்டரைக்கு முன் அங்கே நிற்கப் பாருங்கள். வழிகாட்டிக்கான காசு, வான் வாடகை, நுழைவுச் சீட்டு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேக்கர் அருவி. இறங்கும் படிகள் செங்குத்து, ஈரம் வேறு. அப்பாவை மேலே மர நிழலில் இருத்தி, தம்பியும் அவரோடேயே இருந்துவிட்டார், நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். வந்தால் இரண்டு பேரும் பாசி பிடித்த ஒரு மரத்தடியில் குனிந்து நிற்கிறார்கள். அப்பா வாயில் விரலை வைத்து என்னை மெல்ல வரச் சொன்னார். ஒரு ஓணான். பாசியின் நிறமேதான், மூக்கு நுனியில் மட்டும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு வெள்ளைக் கொம்பு. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. அசையவே இல்லை, கண் மட்டும் உருண்டது.

அப்பா விலங்கியல் படிப்பித்தவர். "முப்பது வருசமாக் கரும்பலகையில கீறிக் காட்டினனான், இவ்வளவு சின்னன் எண்டு தெரியாது" என்றார், குரல் தழுதழுத்தது. தம்பி அவசரப்படுத்தவில்லை, தானும் பக்கத்தில் குந்திக்கொண்டார். இருபது நிமிடமாவது இருந்திருப்போம்.