‘யெஸ்டர்டே’ பாட்டில் உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது?

கோவை, கிட்டார்

பீட்டில்ஸ் என்ற நால்வர் ஆங்கில இசைக்குழுவின் ‘யெஸ்டர்டே’ பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. நல்ல பாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதில் எந்த இடம் உங்களைப் பிடித்தது, அந்த இடத்தில் இசை என்ன செய்கிறது என்று சொன்னால் எல்லோருக்கும் பயன்படும். நானே ஆரம்பிக்கிறேன்.

கிட்டார் வகுப்பில் சார் இதை ஜி மேஜரில் சொல்லிக்கொடுத்தார். கை பழகியதும் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன். விரல்கள் சரியான இடத்தில்தான் இருந்தன, ஆனால் பதிவு கீழே வேறொரு சுருதியில் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் சாரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் கிட்டாரை வாங்கி ஆறு கம்பிகளையும் ஒரு முழுத்தொனி இறக்கினார். “இப்போ அதே ஷேப்பைப் பிடிப்பா” என்றார். பதிவும் கையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. பாட்டை எழுதிப் பாடிய பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னி செய்ததும் இதைத்தான். விரல் பிடிப்பது ஜி, காதில் விழுவது எஃப். கம்பி தளர்ந்திருப்பதால் கீழ்க்கம்பிகளின் ஒலி கொஞ்சம் கனமாக, மங்கலாக வருகிறது. வழக்கமான டியூனிங்கிலேயே ஒரு விரலைக் குறுக்கே வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பார் கார்டு பிடித்து வாசித்தால் அந்த நிறம் வருவதில்லை.

1965 ஜூன் 14, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. பாட்டும் கிட்டாரும் மெக்கார்ட்னி ஒருவரே. மற்ற மூவரும் இந்தப் பதிவில் இல்லை, டிரம்ஸும் கிடையாது. அதே நாளில் தொண்டை கிழியக் கத்திப் பாடும் ‘ஐ’ம் டவுன்’ பாட்டையும் அவர் பதிவு செய்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

என்னைப் பிடித்த இடம் இரண்டாம் பத்தியின் முதல் சொல். முதல் பத்தி முழுக்க வெறும் கிட்டார். இரண்டாம் பத்தி ‘சடன்லி’ என்று தொடங்குகிறது. அந்தச் சொல்லோடு சேர்ந்து நான்கு தந்தி வாத்தியங்கள் உள்ளே வருகின்றன. ‘திடீரென்று’ என்று வாய் சொல்வதை வாத்தியங்கள் அதே நொடியில் செய்து காட்டுகின்றன. ஜூன் 17 அன்று பீட்டில்ஸின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சேர்த்த குவார்டெட் அது.

திருச்சி, வயலின்

நல்ல கேள்வி. நான் கர்நாடக இசை படித்தவள், இந்தப் பாட்டு என்னிடம் வந்ததும் ஸ்வரமாகத்தான். கல்லூரியில் ஒரு தோழி இதை முணுமுணுத்துக்கொண்டே நடப்பாள். கேட்டதை வயலினில் எடுத்துப் பார்ப்பது என் பழக்கம்.

பாட்டு எஃப் மேஜரில் இருந்தாலும் முதல் சொல்லைத் தாண்டியதும் டி மைனர் பக்கம் கிளம்பிவிடுகிறது. அங்கே டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். துன்பமெல்லாம் எங்கோ தூரத்தில் இருந்ததே என்று பாடும் வரி:

ப த நி ஸ ரி க ரி ஸ ஸ

இதில் வருவது சதுஸ்ருதி தைவதமும் காகலி நிஷாதமும், அதாவது த, நி இரண்டும் உயர்ந்த வடிவில். நம் காதுக்குக் கௌரிமனோகரி ராகம். அடுத்த வரி, இப்போது அவையெல்லாம் இங்கேயே தங்கிவிடும் போலிருக்கிறதே என்பது:

ஸ ஸ நி த ப ம த ப ப

இங்கே வருவது சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும், இரண்டும் தாழ்ந்த வடிவம். அதாவது நடபைரவி ராகம். ராகம் பாடியிருக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. மேற்கத்திய இசையில் மெலடிக் மைனரே இப்படித்தான், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். நேற்றைய நாளைச் சொல்லும்போது மெட்டு பிரகாசமான ஸ்வரங்களில் ஏறுகிறது. இன்றைய நாளுக்கு வந்ததும் அதே இரண்டு ஸ்வரங்களும் அரைத்தொனி சுருங்கி, இறங்கிவிடுகிறது.

ஒரு பத்தியில் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மற்றப் பத்திகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்த மனிதனில் நான் பாதிகூட இல்லை என்ற வரியில் ‘முன்பு இருந்த’ என்ற இடம் மேலே ஏறிய பகுதியில் வருகிறது, என் மேல் நிழல் தொங்குகிறது என்பது இறக்கத்தில் வருகிறது. காதல் எளிதான விளையாட்டாக இருந்தது ஏற்றத்தில், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் இறக்கத்தில். சொல்லுக்கும் ஸ்வரத்துக்கும் இவ்வளவு ஒழுங்கான உறவு இருந்தும், கேட்கும்போது கணக்குப் போட்டுச் செய்தது போலவே தெரிவதில்லை.

பத்தி முடியும் இடத்திலும் அதே தைவதச் சண்டைதான். ஜி கார்டில் பெரிய தைவதம், உடனே அடுத்த பி-ஃபிளாட் கார்டில் சின்ன தைவதம், அப்புறம் எஃப்-இல் போய் நிற்கிறது. வயலினில் அந்த இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். மொத்தப் பாட்டின் மனநிலையும் அந்த அரைத்தொனிக்குள் இருக்கிறது.

நாகர்கோவில்

எனக்கு இசை இலக்கணம் தெரியாது. சிறுவயதில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டேன். அண்ணன் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே இருப்பார், அலை ஏறி இறங்கும். பாடல் இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே முடிந்துபோகும். அது எனக்கு அப்போது பெரிய குறை. இன்னொரு பத்தி பாடக் கூடாதா என்று தோன்றும்.

தஞ்சாவூர், மிருதங்கம்

நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன ‘சீக்கிரம் முடிந்துபோகிறது’ என்பதற்குத் தாளத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. பாப் பாட்டில் ஒரு பத்தி என்றால் பெரும்பாலும் எட்டு பார் இருக்கும், நான்கு எண்ணிக்கை ஒரு பார். இதில் ஏழுதான்.

எனக்கு இது ஒரு கல்யாண வரவேற்பில் தெரிந்தது. மேடையில் ஒரு தம்பி கிட்டாரோடு இதைப் பாடிக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து பழக்கத்தில் ஆதி தாளம் போட ஆரம்பித்தேன். முதல் பத்தி 28 அட்சரத்தில் முடிந்துவிட்டது, அதாவது எட்டு அட்சரச் சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்றரை ஆவர்த்தனம். இரண்டாம் பத்தியின் ‘சடன்லி’ என் கையில் சுற்றின் நடுவே, த்ருதத்தில் வந்து விழுந்தது. அந்தத் தம்பி விட்டுப் பாடுகிறார் போல என்று நினைத்துத் தொடர்ந்து போட்டேன். இரண்டாம் பத்தியும் அதே 28. இரண்டும் சேர்ந்து சரியாக ஏழு ஆவர்த்தனம். ‘அவள் ஏன் போனாள்’ என்று கேட்கும் நடுப்பகுதி அச்சாகச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து உட்கார்ந்தது. அந்த நடுப்பகுதி எட்டு பார், முழுசாக நான்கு ஆவர்த்தனம்.

அதனால் கோவைக்காரர் சொன்ன ‘சடன்லி’க்கு வாத்தியம் மட்டும் காரணம் இல்லை. காது இன்னும் ஒரு பார் வரும் என்று காத்திருக்கும்போதே அந்தச் சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

மதுரை, பாடல் எழுதுபவர்

மெட்டுக்கு எழுதும் ஆள் என்ற முறையில் எனக்கு இந்தப் பாட்டு மேல் தனிப் பிரியம். மெக்கார்ட்னி லண்டன் விம்போல் தெருவில் இருந்த ஆஷர் குடும்பத்து வீட்டின் மேல்மாடி அறையில் தங்கியிருந்தபோது, தூங்கி எழுந்ததும் மெட்டு முழுசாகத் தலையில் இருந்ததாம். உடனே பக்கத்தில் இருந்த பியானோவில் வாசித்துப் பார்த்திருக்கிறார். வேறு யாருடைய மெட்டோ என்ற பயத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்டதுண்டா என்று விசாரித்திருக்கிறார். சொல் இல்லாததால் தற்காலிகமாக ‘ஸ்க்ராம்பிள்ட் எக்ஸ்’, அதாவது முட்டைப் பொரியல், என்று பாடிக்கொண்டு திரிந்திருக்கிறார். நம் இசையமைப்பாளர்கள் ‘தன்னானே’ போட்டுத் தருகிறார்களே, அதே வேலைதான். 1965இல் போர்ச்சுகலில் காரில் போகும்போதுதான் உண்மையான சொற்கள் வந்தன.

மெட்டு மூன்று அசையில் தொடங்கி நிற்கிறது. அந்த அளவுக்குள் அடங்க வேண்டும், தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், பத்தியின் கடைசியிலும் அதே சொல் திரும்ப வர வேண்டும். முதல் பத்தி ‘யெஸ்டர்டே’யில் தொடங்கி அதிலேயே முடிகிறது, இரண்டாவது ‘சடன்லி’யில் தொடங்கி அதிலேயே முடிகிறது. நடுவில் வரும் வரிகள் எல்லாவற்றுக்கும் அதே இயைபு. இவ்வளவு கட்டுக்குள் எழுதியும் ஒரு சொல்கூட இயைபுக்காக இழுத்துவந்ததாகத் தெரியவில்லை. பெயரடை, உவமை என்று எதுவும் பெரிதாக இல்லை. ‘நிழல்’ ஒன்றைத்தான் உருவகம் என்று சொல்லலாம். நான் பயிற்சிக்கு உட்காரும்போதெல்லாம் இதைத்தான் எடுத்து வைத்துக்கொள்வேன்.

சேலம்

எல்லோரும் மெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் அந்த நடுப்பகுதியின் சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவள் ஏன் போனாள், தெரியாது, சொல்லவும் மாட்டாள். நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன்.

காதலி விட்டுப்போன பாட்டு என்றுதான் நானும் கேட்டுவந்தேன். மெக்கார்ட்னியின் அம்மா மேரி ஒரு நர்ஸ். 1956இல் புற்றுநோயில் இறந்தபோது மகனுக்கு 14 வயது. இந்த வரிகள் தன்னை அறியாமல் அம்மாவைப் பற்றியதாக இருக்கலாம் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அம்மாவின் உச்சரிப்பைச் சிறுவனாக ஒருமுறை கேலி செய்ததையும் அந்த ‘தவறான சொல்’லோடு சேர்த்து நினைவுகூர்ந்திருக்கிறார்.

என் அம்மாவும் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார். அம்மா போன பிறகு இந்த வரியை என்னால் காதல் பாட்டாகக் கேட்க முடியவில்லை. போனவரிடம் ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது என்பதைத்தான் ‘சொல்லவும் மாட்டாள்’ என்று எழுதியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறு என்ன என்று பாட்டு கடைசிவரை சொல்லவில்லை. அதனால்தான் அவரவர் தவறை அதில் வைத்துக்கொள்ள முடிகிறது.

கோவை, கிட்டார்

சேலம் அக்கா, நீங்கள் சொன்னதற்கு அப்புறம் அந்த இடத்தை மறுபடியும் கேட்டேன். ‘ஏன்’, ‘அவள்’ இரண்டு சொற்களையும் நீட்டி நிறுத்திவிட்டு, ‘போனாள்’ என்பதில் குரல் டி, இ, எஃப் என்று படி ஏறுகிறது. அதே நேரம் கீழே பேஸ் டி, சி, பி-ஃபிளாட் என்று இறங்குகிறது. ஒரே ஸ்வரத்தில் கிளம்பி இரண்டும் எதிரெதிராகப் போய்விடுகின்றன.

விழுப்புரம்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அந்தக் குவார்டெட் தேவையா? வயலின் வந்தாலே சோகத்தைப் பிழிந்து ஊற்றுவது போல ஆகிவிடும் அல்லவா? தனி கிட்டாரோடு மேடையில் பாடும்போதே எனக்கு நன்றாக இருக்கிறது.

திருச்சி, வயலின்

அந்தப் பயம் மெக்கார்ட்னிக்கும் இருந்தது. ஜார்ஜ் மார்ட்டின் தந்தி வாத்தியம் என்றதும் முதலில் தயங்கியிருக்கிறார். அதனால்தான் பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கோடு நின்றது. வாசித்தவர்களிடம் விப்ராட்டோ, அதாவது விரலை ஆட்டி ஸ்வரத்தை அதிரவைப்பது, வேண்டாம் என்று அவர் கேட்டதாகவும் பதிவு இருக்கிறது. விப்ராட்டோவைக் குறைத்து வாசிப்பது எவ்வளவு சிரமம் என்று வயலின்காரர்களுக்குத் தெரியும், பழகிய விரல் தானாக ஆடும்.

நடுப்பகுதி இரண்டாம் முறை வரும்போது செல்லோ ஒரு இ-ஃபிளாட்டைத் தொட்டுப் போகும். எஃப் மேஜரில் அது வெளி ஸ்வரம், ப்ளூஸ் வாசனை. அது மெக்கார்ட்னி கேட்டுச் சேர்த்தது. கடைசிப் பத்தியில் முதல் வயலின் மேலே ஒரே ‘ஏ’வைப் பிடித்துக்கொண்டே இருக்கும், கீழே கார்டுகள் மாறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு இடங்களையும் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் விழுப்புரம் சார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் சரி, நான் வாதாட மாட்டேன்.