மறு: டெஸ்ட்ராயர், குரூசர், கேப்டன் – சொற்களை முடிவு செய்வோமா?

வணக்கம். விண்வெளிக் கதைகளில் வரும் போர்க்கப்பல் பெயர்களுக்கும் பதவிகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> டெஸ்ட்ராயருக்கு 'அழிகலம்' போதும், எதற்கு இவ்வளவு இழுக்கிறோம்?

போதாது. அழிகலம் வினைத்தொகை. படிப்பவர் 'அழிக்கும் கலம்' என்று எடுப்பதைவிட 'அழிந்த, அழிகிற, அழியும் கலம்' என்றுதான் முதலில் எடுப்பார். கதையின் முதல் பக்கத்திலேயே கப்பலை மூழ்கடித்துவிட்டு அப்புறம் எதை வைத்துச் சண்டை போடுவது? பத்திரிகைகளில் வரும் 'நாசகாரி' இலக்கணப்படி சரி. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் ஒழிக்கிற ஏதோ பூதம் என்ற தொனி அதற்கு இருக்கிறது. அந்தக் கப்பலின் பிறப்பு அப்படியில்லை. 1890களில் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) வீசும் சின்னப் படகுகள் பெரிய கப்பல்களுக்குத் தலைவலியானபோது, அவற்றைத் துரத்தி அடிக்க வந்ததுதான் 'டார்பிடோ படகு டெஸ்ட்ராயர்'. பெயரின் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் 'வேட்டைக்கலம்' என்கிறேன். பிறகு நீர்மூழ்கிகளைத் தேடிப் போனதும் வேட்டைதானே.

> டெஸ்ட்ராயர் எப்போதும் குரூசரைவிடச் சிறியது. ஸ்டார் வார்ஸில் 1,600 மீட்டர் நீளக் கப்பலுக்கு ஸ்டார் டெஸ்ட்ராயர் என்று வைத்ததே தவறு.

இந்தச் சண்டை எல்லா இடத்திலும் நடக்கிறது, எங்கும் முடிவதில்லை, ஏனென்றால் அளவை வைத்துப் பெயர் சொல்லும் பழக்கம் நிஜக் கடற்படைகளிடமே உறுதியாக இல்லை. அமெரிக்காவின் சும்வால்ட் டெஸ்ட்ராயர் சுமார் 15,000 டன், அதே கடற்படையின் டைகண்டரோகா குரூசர் 10,000 டன்னைக்கூடத் தொடாது. 1975 வரை அமெரிக்கர்களுக்கு பிரிகேட் (frigate என்ற போர்க்கப்பல் வகை) என்றால் டெஸ்ட்ராயரைவிடப் பெரிய கப்பல். அந்த ஆண்டு காகிதத்தில் பெயரை மாற்றினார்கள், அவற்றில் பெரும்பாலானவை குரூசர் ஆயின, அதுவரை 'டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்' என்று இருந்தவை பிரிகேட் ஆயின. ஒரு தகடுகூட மாறவில்லை. சோவியத் கடற்படை இன்னும் கெட்டி. கருங்கடலிலிருந்து வெளியே வரும் துருக்கி நீரிணைகளுக்கு 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ உடன்படிக்கை உண்டு, விமானந்தாங்கிக் கப்பலுக்கு அங்கே சிக்கல். ஆகவே கீயெவ் வகைக் கப்பலை 'விமானம் சுமக்கும் கனரக குரூசர்' என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டார் டிரெக்கின் டிஃபையன்ட் கப்பலை 'எஸ்கார்ட்' என்று பதிந்ததும் இதே ஜாதி. பல் முதல் வால் வரை போர்க்கப்பல், ஏட்டில் துணைக்கப்பல்.

அதனால் நம் சொல் டன் கணக்கைச் சொல்ல வேண்டாம், வேலையைச் சொல்லட்டும். வேலை சொல்லில் வெளிப்படையாகத் தெரிந்தால் கதையில் வரும் பேரரசு பொய்ப்பெயர் வைக்கும்போது அந்தப் பொய்யும் வாசகருக்குத் தெரியும். 'காவற்கலம்' என்று எழுதிவிட்டு அது ஒரு கோளையே தரைமட்டமாக்கினால் யாரும் விளக்க வேண்டியதில்லை. (பிரிகேட்டுக்கும் காவற்கலம்தான் என் விருப்பம், அதில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.)

குரூசர்தான் கஷ்டம். 'விரைவுப் போர்க்கப்பல்' என்பதில் வேகம் இருக்கிறது, ஆனால் அதன் அடையாளம் நெடுந்தூரம் தனியாகப் போய் மாதக்கணக்கில் வெளியே நிற்பது. 'உலாக்கலம்' உல்லாசப் பயணம் போகிறது. 'நெடுஞ்செலவுக் கலம்' சங்கத்தமிழில் பொருந்தும் (அங்கே செலவு என்றால் பயணம்), இன்று படித்தால் பட்ஜெட் நினைவுதான் வரும், அதுவும் பொய்யில்லை என்றாலும். நாடோடி, முன்னோடி வரிசையில் 'தொலைவோடி' என்று வைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று, டைப், கிளாஸ் இரண்டுக்கும் 'வகை' என்றே எழுதுகிறோம், மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கிளாஸ் என்பது ஒரே வரைபடத்தில் கட்டிய உடன்பிறப்புகள், பெரும்பாலும் முதல் கப்பலின் பெயரால் வருவது. அதற்கு 'வார்ப்பு' என்றால் குழப்பம் தீரும்: ஸ்டார் டிரெக்கின் எண்டர்பிரைஸ் கப்பல், கான்ஸ்டிடியூஷன் வார்ப்பைச் சேர்ந்த தொலைவோடி.

> கப்பல் எந்த வகையானால் என்ன, ஓட்டுகிற அதிகாரி முட்டாளாக இருந்தால்? முதலில் அதற்குச் சொல் தேடுங்கள்.

இரண்டும் ஒரே விஷயம்தான். 1916 மே 31, முதல் உலகப் போரின் ஜட்லண்ட் கடற்சண்டை, பிரிட்டனும் ஜெர்மனியும். பிரிட்டனின் பேட்டில்குரூசர்கள் மூன்று ஒரே நாளில் வெடித்துப் போயின, 3,000க்கும் மேல் உயிர். பெரிய பீரங்கி, நல்ல வேகம், மெல்லிய கவசம் என்று கட்டிய கப்பலைத் தன்னளவு பீரங்கி உள்ள எதிரியோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். போதாததற்கு வேகமாகச் சுட வேண்டும் என்று வெடிமருந்துக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். பெயரில் 'பேட்டில்' இருந்ததை நம்பிவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றும். மறுபக்கம் 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அருகே. ஜான்ஸ்டன் என்ற ஒரு அமெரிக்க டெஸ்ட்ராயர், உத்தரவுக்குக் காத்திராமல், ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் யமாட்டோ இருந்த படையை நோக்கிப் போனது. மூழ்கியது. அந்தக் கப்பலின் தலைவர் எவன்ஸை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. தன் கலத்தால் எது முடியாது என்பது அவருக்குத் தெரியும், பின்னால் இருந்த சிறு விமானந்தாங்கிகளைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை.

ஆக 'தகுதி' (சான்றிதழ் வாசனை) வேண்டாம், 'திறமை'யும் வேண்டாம். நான் சொல்வது 'கலத்தேர்ச்சி', தன் கலம் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அறிந்து நடத்துவது. 1982 ஸ்டார் டிரெக் படத்தில் நட்புக் கப்பல் ஒன்று பதில் பேசாமல் நெருங்குகிறது, இளைய அதிகாரி சாவிக் விதியை எடுத்துச் சொல்கிறாள், எண்டர்பிரைஸை நடத்தும் கிர்க் கவசத்தை உயர்த்தவில்லை, அடி வாங்குகிறார். இதை எழுத்தாளரின் ஓட்டை என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அது பாத்திரத்தின் தேர்ச்சிக் குறைவு, படமே அதன்மேல்தான் நிற்கிறது.

கேப்டனுக்கு 'மீகாமன்' வேண்டாம். அகநானூறு 255இல் மாடத்து விளக்கைப் பார்த்து வங்கத்தை (கப்பலை) செலுத்துகிற நீகான், அதாவது மீகாமன், கலத்தை ஓட்டுபவன். அந்தக் கணக்கில் எண்டர்பிரைஸின் சுக்கானைப் பிடிக்கும் சூலுதான் மீகாமன், கிர்க் அல்ல. பதவிக்குக் 'கலத்தலைவர்', தரநிலைக்கு 'கேப்டன்' என்றே விடலாம். சின்னக் கப்பலில் லெப்டினன்ட்டும் கலத்தலைவர் ஆகலாம், அந்த வேறுபாடு தமிழில் நிற்க வேண்டும்.

மீதி இருப்பது பேட்டில்குரூசர். 'போர்த்தொலைவோடி' நீளம்தான், சுருக்க வழி இருந்தால் சொல்லுங்கள். 'போரோடி' மட்டும் வேண்டாம், போரை விட்டு ஓடியவன் ஆகிவிடுவான்.