தலைக்கு ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை?

(குடும்பக் குழு: மலைச் சொந்தங்கள்)

கோத்தகிரி அத்தை: மாமா காலையில் தேயிலை எடை போடும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். 108-ல் கொண்டுபோனோம். இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். நன்றாக இருக்கிறார், காபி கேட்கிறார்.

குன்னூர் சித்தி: ஐயோ அண்ணி! ஒரு போன் போடக் கூடாதா? ஸ்கேனில் என்ன வந்தது?

கோத்தகிரி அத்தை: ஸ்கேனே எடுக்கவில்லை. ஈசிஜி, சர்க்கரை, ரத்தம் பார்த்தார்கள். படுக்க வைத்து பிரஷர், அப்புறம் நிற்க வைத்து ஒரு பிரஷர். சாயங்காலம் வரை மானிட்டரில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

திருப்பூர் அண்ணன்: தலைக்கு ஸ்கேன் எடுக்காமல் எப்படி அனுப்பலாம்? நாளைக்கே கோவைக்கு வாருங்கள். கார் அனுப்புகிறேன்.

கோவை அக்கா: பொறு அண்ணா, இப்போதுதான் டியூட்டி முடிந்தது. அத்தை, விழும்போது பக்கத்தில் யார் இருந்தது?

கோத்தகிரி அத்தை: பக்கத்துத் தோட்டத்துப் பையன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பேர் கூப்பிட்டதும் எழுந்தவர், "கண்ணை இருட்டுது" என்று சொல்லிக்கொண்டே சரிந்தாராம். அவன் தாங்கிப் பிடித்ததால் தலையில் அடி இல்லை.

கோவை அக்கா: கை கால் வெட்டி இழுத்ததா? நாக்கைக் கடித்தாரா? எழுந்ததும் ஆள் தெரிந்ததா?

கோத்தகிரி அத்தை: அதெல்லாம் இல்லை கண்ணு. ஒரு நிமிஷம்கூட இருக்காதாம். கண் திறந்ததும் "என் மூட்டை எத்தனை கிலோ" என்றாராம்.

திருப்பூர் அண்ணன்: 😂

குன்னூர் சித்தி: சோடா கொடுத்தார்களா?

கோவை அக்கா: முழு நினைவு வராமல் வாயில் எதையும் ஊற்றக் கூடாது சித்தி, புரையேறிவிடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும்.

அண்ணா, எமர்ஜென்சியில் நாங்களும் முதலில் இந்தக் கதையைத்தான் குடைவோம். தலையில் அடி, வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுந்தது என்று ஏதாவது இருந்தால் ஸ்கேன். இல்லையென்றால் அதில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. எங்களுக்குப் பயமெல்லாம் இதயத்தைப் பற்றித்தான். துடிப்பு தாறுமாறானாலும் ஆள் இப்படித்தான் விழுவார். அதனால் மயக்கம் என்று வந்தால் ஈசிஜி எடுக்காமல் விட மாட்டோம். படுத்திருக்கும்போதோ, ஓடியாடி வேலை செய்யும்போதோ, நெஞ்சுவலியோடோ மயங்கியவரை லேசில் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டோம்.

திருப்பூர் அண்ணன்: நிற்க வைத்து பிரஷர் எதற்கு?

கோவை அக்கா: எழுந்து நின்ற 3 நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க. அத்தை, சீட்டை அனுப்புங்கள்.

கோத்தகிரி அத்தை: 📷

கோவை அக்கா: ஈசிஜி நார்மல். படுத்து 136, நின்று 104. இதோ இருக்கிறதே! புதிதாக ஏதாவது மாத்திரை?

கோத்தகிரி அத்தை: ராத்திரி அடிக்கடி யூரினுக்கு எழுகிறார் என்று போன வாரம் ஒன்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பேர் வாயில் வரவில்லை. அட்டை இதுதான் 📷

கோவை அக்கா: டாம்சுலோசின். ப்ராஸ்டேட்டுக்குக் கொடுப்பது. ரத்தக் குழாயையும் தளர்த்திவிடும், எழுந்ததும் பிரஷர் இறங்கலாம். இவர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் போடுகிறார். எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எல்லா அட்டையையும் எடுத்துக்கொண்டு காலையில் டாக்டரைப் பாருங்கள். இன்று ராத்திரி எழுந்தால் கட்டிலிலேயே கொஞ்சம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள்.

திருப்பூர் அண்ணன்: அப்போ கார்?

கோவை அக்கா: இப்போது வேண்டாம். திரும்ப மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108.

கோத்தகிரி மாமா: எனக்கு ஒன்றும் இல்லை. டாக்டரிடம் நானே போய்க்கொள்வேன்.

கோத்தகிரி அத்தை: நானும் கூடப் போகிறேன். இவர் தனியாகப் போனால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.