ஏற்காடு ஏறும்போது இழுவையே இல்லை, என்ஜின் மிஸ் ஆகிறது: அவசர உதவி தேவை

சேலம்வாசி:
வணக்கம். அண்மையில் ஒரு பழைய கார் வாங்கினேன். ஊருக்குள் ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நேற்றுக் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டோம், என்ஜின் மிஸ் ஆகி (இடையிடையே எரிபொருள் பற்றாமல் விட்டு) வண்டி குலுங்கத் தொடங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இரண்டாவது கியரில் நகர மறுக்கிறது. முதல் கியரில் திக்கித் திணறித்தான் மேலே போய்ச் சேர்ந்தோம். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரனில், இறங்கி நடந்தே வருகிறேன் என்று மாமியார் கதவைத் திறக்கப் போய்விட்டார். பிளக் மாற்றியாகிவிட்டது, பயனில்லை. என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமணத்துக்கு வண்டி வேண்டும். என்ன செய்யலாம்?

இரவுப்பயணி:
என்ன கார், எந்த வருடம், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது? செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? குலுக்கல் நின்றபடி இருக்கும்போதும் உண்டா, மேடு ஏறும்போது மட்டுமா? இவற்றைச் சொல்லாமல் சோசியம்தான் பார்க்க முடியும்.

கொங்குநாட்டான்:
தயவுசெய்து எதையும் பிரித்துவிடாதீர்கள். எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோல் செய்கிற வேலை. எத்தனால் தண்ணீரை இழுக்கும், ரப்பர் குழாய்களை ஊற வைக்கும், டேங்க் அடியில் இருக்கிற துருவையெல்லாம் கிளப்பிவிடும். என் மைத்துனர் வண்டியிலும் இதே கதைதான். டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். சரியாகிவிடும்.

நாலுசக்கரம் (மூத்த உறுப்பினர்):
வாரம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார். தேடல் பெட்டி ஒன்று மேலே இருக்கிறது, அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. கார் வாங்கும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தீர்களா? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டீர்களா? பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்திருப்பீர்கள். பிரிக்கச் சொல்கிற மெக்கானிக் தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

சேலம்வாசி:
2007 மாடல், பெட்ரோல், 1086 சிசி, நான்கு சிலிண்டர். மீட்டரில் 84,000 கி.மீ. காட்டுகிறது. நின்றபடியும் லேசாகக் குலுங்கும், மேட்டில் மோசம். செக் என்ஜின் விளக்கு எரியவே இல்லை. சாவியைத் திருப்பும்போதுகூட எரிந்ததில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் பக்கம் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்?

பட்டறைக்காரர்:
இல்லை தம்பி. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது விற்கும் முன் யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன். மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் அதே கண்ணோடு பாருங்கள்.

இரவுப்பயணி:
வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். பி0300 என்று வந்தால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மிஸ் ஆகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர்.

நாலுசக்கரம் (மூத்த உறுப்பினர்):
2007 வண்டிக்கு ஸ்கேனர் சொல்கிறார் பாருங்கள். 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு நெறிமுறையோடுதான் இங்கே ஓபிடி (வண்டியே தன் பழுதைக் கண்டு பதிந்து வைக்கும் வசதி) கட்டாயமாகத் தொடங்கியது. இணையத்தில் விற்கும் மலிவுக் கருவி இதனோடு பேசினால் அதிர்ஷ்டம்.

இரவுப்பயணி:
கட்டாயம் இல்லை என்றால் வசதியே இல்லை என்று பொருளா? அந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கிறது. நிறுவனத்துக்கான ஸ்கேனர் வைத்திருக்கிற பட்டறைக்குப் போனால் படித்துவிடலாம்.

சேலம்வாசி:
இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று, அது முக்கியமா என்று தெரியவில்லை. வண்டியில் கேஸ் கிட் இருக்கிறது. மலைக்கு எல்.பி.ஜி.யில்தான் போனேன். வழியில் பெட்ரோலுக்கு மாற்றியும் பார்த்தேன், அதே குலுக்கல்தான்.

பட்டறைக்காரர்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பாதி விவாதம் மிச்சம். கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்ப், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் இன்ஜெக்டர் எதற்கும் வேலை இல்லை. இரண்டு எரிபொருளிலும் ஒரே மாதிரி மிஸ் ஆகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: ஸ்பார்க், காற்று, கம்ப்ரஷன், சைலன்சர் வழி. கேஸைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக்குக்கு ஸ்பார்க் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர் பழையதானால் கேஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஓடுகிற என்ஜினில் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். பீய்ச்ச வேண்டாம், கையும் படக் கூடாது. ஸ்பார்க் கசிந்தால் நீல நிறத்தில் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கொங்குநாட்டான்:
கேஸில் ஓடினாலும் ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்தானே? இ20 போட்ட நாளிலிருந்து என் வண்டியின் மைலேஜ் போய்விட்டது. பழைய வண்டிக்காரர்களுக்கு வேறு பெட்ரோல் கேட்டால் கிடைக்கிறதா?

வேதியியல் வாத்தியார்:
மைலேஜ் குறைவது உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ10க்குச் சரிசெய்யப்பட்ட பழைய நான்கு சக்கர வண்டிகளில் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் ஏழு சதவீதத்துக்கு எந்த வண்டியும் இரண்டாவது கியரில் நின்றுபோகாது. அதிலும் இவர் மலை ஏறியது கேஸில்.

கொங்குநாட்டான்:
ரப்பர் குழாய் வெடித்தால் அறிக்கையா வந்து மாற்றிக் கொடுக்கும்?

வேதியியல் வாத்தியார்:
குழாயைப் பற்றி நான் மறுப்பே சொல்லவில்லை. 2007 வண்டியின் ரப்பரை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கேள்வி அதுவல்லவே.

(இ20 பற்றிய மேலும் சில பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. – நெறியாளர்)

மலைச்சாலை:
ஊட்டியில் இதே 1086 சிசி என்ஜினை நெடுநாளாக ஓட்டுகிறேன். இதில் ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏற்றித் தரும் காயில் இரண்டு: 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கு ஒன்று, 2, 3க்கு ஒன்று. ஜோடியாக இரண்டும் மிஸ் ஆனால் காயிலைச் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் என்றால் ஒயர், பிளக், கம்ப்ரஷன். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க ஓடும் என்ஜினில் ஹெச்.டி. ஒயரைப் பிடுங்காதீர்கள். ஷாக் அடிக்கும், காயிலும் கெடும். பெட்ரோலில் ஓடவிட்டு இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் என்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி.

நாலுசக்கரம் (மூத்த உறுப்பினர்):
ஒயரைப் பிடுங்கித்தான் ஊரிலுள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் பார்க்கிறார்கள். யாரும் சாகவில்லை.

சேலம்வாசி:
தெளித்துப் பார்த்தேன், பொறி எதுவும் தெரியவில்லை. இன்ஜெக்டர் சோதனையில் 2ஆம் சிலிண்டரில் சத்தம் மாறவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு அந்த ஒயரை உருவினால், ரப்பர் மூடி எண்ணெயில் ஊறி வழவழவென்று இருக்கிறது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கி நிற்கிறது. புது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு.

பட்டறைக்காரர்:
அந்தக் கோடுதான் தம்பி. ஸ்பார்க் பிளக் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கிப் போகிறது. குழிக்குள்ளேயே நடப்பதால் இருட்டில் உங்களுக்குத் தெரியவில்லை. என்ஜினைப் பிரிக்க வேண்டாம். வால்வு மூடி கேஸ்கட், பிளக் குழி சீல், நான்கு ஒயர், அந்த ஒரு பிளக், இவற்றை மாற்றுங்கள். குழியில் இருக்கிற ஆயிலை உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். கேஸில் நெடுங்காலம் ஓடிய வண்டி.

நாலுசக்கரம் (மூத்த உறுப்பினர்):
கம்ப்ரஷன் பாருங்கள் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

இரவுப்பயணி:
நீங்கள் சொன்னது தேடல் பெட்டியைப் பற்றி.

சேலம்வாசி:
மாற்றியாயிற்று. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குலுக்கல் போய்விட்டது. ஆனால் இழுவை இன்னும் இல்லை. மூன்றாவது கியரில் 60ஐத் தாண்டினால் எதுவோ பின்னால் பிடித்து இழுக்கிறது.

மலைச்சாலை:
சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கும். எரியாத எரிபொருள் எத்தனை நாள் அதற்குள் போய் எரிந்ததோ, உள்ளே இருக்கிற பீங்கான் வலை சூட்டில் உருகியிருக்கலாம். என்ஜின் காற்றை உறிஞ்சும் வலிமையை அளக்கும் வேக்குவம் கேஜ் இருக்கிற பட்டறையில் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) முள் 17 முதல் 21 அங்குலம் வரை நிற்க வேண்டும். 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை போக வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை உடைத்து வெறும் குழாயாக்கித் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். சட்டப்படி தவறு, புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். பழைய கன்வெர்ட்டரைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் பழைய இரும்புக் கடையிலேயே நல்ல விலை போகும்.

இரவுப்பயணி:
சேலம்வாசி, என்ன ஆயிற்று? திருமணத்துக்குப் போனீர்களா?

கொங்குநாட்டான்:
பெட்ரோல் பம்ப் மாற்றினாரா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

சேலம்வாசி:
கன்வெர்ட்டர்தான். மாற்றிவிட்டேன். ஏற்காடு இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது. எல்லாருக்கும் நன்றி. திருமணத்துக்குப் பஸ்ஸில் போனோம்.

இரவுப்பயணி:
மொத்தம் எவ்வளவு செலவு? விளக்குக்குப் பல்பு போட்டீர்களா? பழைய கன்வெர்ட்டரை வாங்கினீர்களா?

நெல்லைச்சீமை:
எனக்கும் இதே பிரச்சினைதான் நண்பர்களே. வண்டி மேட்டில் இழுக்கவில்லை. அவசரம், உடனே சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:
என்ன வண்டி?