பின்னால் நின்று கேட்கிற ஹாஃபிழ்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் 27ஆம் இரவு தராவீஹில் (ரமழான் இரவுகளின் விசேஷத் தொழுகையில்) குர்ஆன் முழுவதும் ஓதி முடிகிறதைப் பற்றி எங்கள் பரங்கிப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் தொழவைத்த ஹாஃபிழைத்தான் (குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவரைத்தான்) சொல்வார்கள், அது நியாயமும்கூட, நான் சொல்ல வந்தது அவருக்கு நேர் பின்னால் முதல் ஸஃப்பில் (வரிசையில்) நின்று, ஓதுவதில் தவறு வந்தால் எடுத்துக்கொடுக்கக் கேட்கிறவரைப் பற்றி.

என் லாத்தா (அக்கா) மகன் லால்பேட்டையில் ஓதி ஹாஃபிழ் ஆனவன். வீராணம் ஏரிப்பக்கம் இருக்கிற அந்த ஊர் வெற்றிலைக்கும் பேர்போனது, மன்பவுல் அன்வார் மதரஸாவுக்கும் பேர்போனது. போன ரமழானில் அவனுக்குக் கேட்கிற பொறுப்பு.

15 வரி முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) சுமார் 20 பக்கம், தராவீஹ் 20 ரக்அத் (தொழுகையின் சுற்று), ஆக ரக்அத்துக்கு ஒரு பக்கம். 27இல் முடிக்கணும் என்பதால் ஆரம்ப நாட்களில் ஒன்றேகால் ஜுஸ்வு ஓதுவார்கள். தொழவைக்கிறவர் எவ்வளவு பார்க்கிறாரோ அவ்வளவையும் இவனும் பார்க்கணும், ஸுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததும் நோன்போடு உட்கார்ந்தால் லுஹர் (நண்பகல் தொழுகை) வரைக்கும் அதேதான்.

ஒரே மாதிரி வருகிற ஆயத்துகளில்தான் (வசனங்களில்தான்) சிக்கல். சூரத்துர் ரஹ்மான் அத்தியாயத்தில் ஒரே ஆயத்து 31 தடவை வரும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன என்பதில் எவ்வளவு பெரிய ஹாஃபிழும் ஒரு நிமிஷம் தடுமாறலாம். ஒரு நாள் தொழவைத்த ஹஜ்ரத் ஒரு ஆயத்தைத் தாண்டிப் போய்விட்டார். இவன் விட்டுப்போன ஆயத்தின் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுத்தான், அவர் திரும்பிவந்து தொடர்ந்தார், அவ்வளவுதான். இப்படி எடுத்துக் கொடுக்கிற லுக்மாவில் இதுதான் கஷ்டம், அவசரப்பட்டால் ஓதுகிறவர் குழம்பிவிடுவார், தாமதித்தால் அவர் ஓதுவதை முடித்து ருகூவுக்கே (குனிகிற நிலைக்கே) போய்விடுவார்.

எங்கள் உம்மா வீட்டில் முஸ்ஹஃபை விரித்துவைத்து மைக் சத்தத்தோடு கூடவே பார்த்துக்கொண்டு வருவார். அவன் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை இடம்டா வாப்பா?"

27ஆம் இரவு மிஹ்ராபுக்கு (இமாம் நிற்கும் மாடத்துக்கு) முன்னால் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, நார்சா (எல்லோருக்கும் கொடுக்கிற தின்பண்டம்) பொட்டலங்கள் தயாராக இருந்தன. 19ஆம் ரக்அத்தில் குர்ஆனின் கடைசி அத்தியாயமான சூரத்துந் நாஸ் முடிந்து, கடைசி ரக்அத்தில் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதி அலிஃப் லாம் மீமிலிருந்து இரண்டாவதான பகராவைத் தொடங்கிவிட்டார்கள். முடித்த கையோடு மறுபடி ஆரம்பிக்கிற இந்த வழக்கம் எனக்கு அத்தனை பிரியம்.

துஆ முடிந்து ஹஜ்ரத்துக்குப் பொன்னாடை, ஹதியா (அன்பளிப்பு) எல்லாம் ஆனது. அவரே எழுந்து இவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இவர் இல்லாமல் நான் ஓதலை"ன்னு சபையில் சொன்னார். ஜமாஅத்தில் பேசி அவனுக்கும் ஹதியா கொடுத்தார்கள், ஆனால் அது முன்கூட்டியே முடிவான விஷயமாக இருக்கணும். உங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்கிற ஹாஃபிழுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த ரமழானுக்குள் எங்கள் ஜமாஅத்தில் எடுத்துச் சொல்கிறேன்.